தீர்ப்பில் விடுபட்ட கிணறு

மாசி 12, 1963. செவ்வாய் இரவு.

வென்றுவிட்டேன்! துறைமுக வீதிக்கு அரசாங்கம் எடுத்த என் காணியின் நட்டஈடு குறையாமல் தப்பிவிட்டது.

தீர்ப்பில் நீதிபதி என் தென்னங்கன்றுகளையும் காய்க்கிற மரங்களாக மதித்துவிட்டார். அதைத் திருத்திக் குறைக்கும்படி அரசாங்கத்துக்கு வாதாடும் அப்புக்காத்து இன்று கோட்டில் மன்றாடினார். குறைந்தால் சல்லி ஊரில் பேசிவைத்த புதுக்காணி போய்விடும்.

"கூட்டல் பிழையெண்டால் திருத்தலாம். கையெழுத்து வைச்ச பிறகு என்ர முடிவை நானே மாத்த ஏலாது. நீங்கள் மேல்கோட்டுக்கெல்லோ போயிருக்கவேணும்," என்றார் நீதிபதி. அதற்கான தவணை நாள் முடிந்தே போயிற்று.

மீசையைத் தடவினேன். அப்போது பார்த்து என் வழக்கைப் பார்க்கும் பிரக்கிராசியார் எழும்பினார். தீர்ப்பில் விடுபட்ட என் கிணற்றையும் சேர்க்கச் சொல்லி நேற்று அவரை நச்சரித்தவன் நான்தானே! சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

"உங்கட கிணறு?" என்றார்.

"எந்தக் கிணறு ஐயா? கிணத்துக்காகத் தீர்ப்பைத் திறந்தால் தென்னையும் போயிடும். பேசாமல் இருங்கோ!"

அது என் மனுசியின் தகப்பன் வெட்டிய கிணறு. நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "கிணத்தைப் பற்றிக் கதைச்சனீங்களோ?"

"ஓம், கதைச்சனான்," என்றேன்.

சொல்லியாயிற்று. இனி இதையும் திருத்த ஏலாது.