கிரைண்டருக்காக ஒரு மனு

திருவள்ளூர்
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

சௌபாக்யவதி கோதாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், புனே குளிரில் உனக்கு இருமல் விட்டதா என்று தெரிந்தால் நிம்மதி. போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா முழங்கால் வலியோடு கோயில் மடைப்பள்ளிக்குப் போய் வருகிறார், தைலம் தேய்க்கச் சொன்னால் கேட்பதில்லை. உன் தம்பி வேதாந்த் பரீட்சைக்குப் படிப்பதாகப் பேர்.

நீ ஆனியில் அனுப்பிய கிரைண்டர் விஷயம்தான். பத்து நாளுக்குள் சொல்லியிருந்தால் கடைக்காரனே மாற்றித் தந்திருப்பான். ஆடியில் புதுச் சாமானைத் தொட வேண்டாம், முதல் மாவு பெருமாளுக்கு என்று அப்பா சொல்ல, நானும் பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் வைத்துவிட்டேன். ஆவணியில் பிரித்துப் போட்டால் பாதி மாவு அரைபடுவதற்குள் கருகல் வாசனை. கம்பெனி சர்வீஸ் கும்மிடிப்பூண்டியில்தான் என்றார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நெருக்கும் பஸ்ஸில், இரண்டு பஸ் மாறி, அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் சாலமோன் நல்ல மனுஷன். கழற்றிப் பார்த்துவிட்டு, மோட்டார் காயில் எரிஞ்சி போச்சிமா, இந்த மாடலையே கம்பெனிக்காரன் நிறுத்திட்டான், பார்ட்டுக்கு நான் எங்க போறது, பேஜாருமா என்றான். ஆடி கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டான். மோட்டாருக்கு இன்னாமா ஆடி ஆவணி என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ரிப்பேர் ஆகாது, மாடல் நின்றுவிட்டது என்று ரசீதில் எழுதிக் கேட்டேன், கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தான்.

கம்பெனிக்குப் போன் செய்தால், பாதி விலைக்குக் கூப்பன் தருகிறார்களாம், மீதியை நாம் போட்டு அவர்களிடமே வேறு வாங்க வேண்டுமாம். பத்து நாள் என்பது கடைக்காரன் வைத்த கணக்கு, வாரண்டி இரண்டு வருஷம் இருக்கிறதே என்றேன். திரும்பவும் கூப்பன் கதையையே படித்தார்கள். சரி செய்ய முடியாமல், மாற்றித் தரவும் சரக்கு இல்லாமல் போனால் வாங்கின விலையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். பி.காமில் படித்தபோது இருந்த சட்டம் இப்போது புதிதாக மாறியிருக்கிறது, தேடிப் படித்தேன், இந்த நியாயம் அப்படியே இருக்கிறது. நம் ஊரிலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வக்கீல்கூட வேண்டாம். அப்பாவிடம் சொன்னால், கைங்கர்யம் பண்றவா ஆத்துலேர்ந்து கோர்ட் வாசலுக்கா, போனாப் போறது விடு என்கிறார். நீயும் விட்டுடும்மா, வேற ஆர்டர் போட்டுடறேன் என்கிறாய். உங்கள் இரண்டு பேருக்கும் விடுவது சுலபமாக இருக்கிறது. சூடேறி நின்றுபோகும் மிக்ஸியில் நாலு நாலு கரண்டியாக உளுந்து போட்டு, அது ஆறும் வரை நிற்கிறவள் நான்.

நேற்று மறுபடி போன் செய்தேன். பில்லில் கோதான்னு இருக்கே மேடம், கஸ்டமரைப் பேசச் சொல்லுங்க என்று வைத்துவிட்டாள் அந்தப் பெண். வாங்கினவர் சம்மதத்தோடு உபயோகிக்கிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் மனுவை என் பேரிலேயே போடப்போகிறேன். நான் வாங்கிய கிரைண்டரை என் சம்மதத்துடன் அம்மா உபயோகிக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பில் நகலோடு தபாலில் அனுப்பு.

இன்னொன்று, தயவுசெய்து புதிதாக எதுவும் ஆர்டர் போடாதே. புதிது வந்து இறங்கினால் அப்பா இதைப் பரண்மேல் ஏற்றிவிடுவார், நானும் அலுப்பில் சும்மா இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு, வெந்நீர் குடி. பெருமாளும் தாயாரும் உன்னைச் சௌக்கியமாக வைத்திருக்கட்டும். கையெழுத்து பில்லில் இருக்கும் பேருக்குப் பொருத்தமாக, முழுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹேமாம்புஜம்