மோசேயின் மனைவி எங்கள் வேதத்திலும் இருக்கிறாள்

என் பெருமைக்கும் அன்புக்கும் உரிய ஒகுஸ்தேன் அண்ணை,

லா சப்பேலிலிருந்து சந்தியாப்பிள்ளை எழுதுகிறேன். ஓம், நானேதான் எழுதுகிறேன். ஒரு வரி முடிந்தால் ஒரு வாய் தேத்தண்ணி. இப்போது மூன்றாவது கோப்பை. அறுபத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவனின் கடிதம் மெதுவாகத்தான் வரும். உங்களுக்கும் இனி அவசரம் இல்லைத்தானே?

இந்தக் கடிதத்தை எங்கள் பங்குக் கோயில் மலரில் போடலாமா என்று கேட்டார்கள். போடட்டும். உங்களிடம் நான் சொன்ன பொய்யைப் பலர் அறியத் திருத்த வேண்டும். வாசிக்கிறவர்களுக்கு உங்களைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மார்த்தினிக் தீவுக்காரர், கறுப்பு மனிதர். தபால் கந்தோரில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவர். ரூ பஜோல் தெருவில் நான் இருக்கும் கட்டடத்தின் கீழ்மாடியில் இருந்தீர்கள். ஞாயிறுப் பூசையில் எனக்கு முன் வாங்கு உங்களுடையது. எங்கள் ஆட்களிடமிருந்து நீங்கள் பொறுக்கிக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் ‘தம்பி’. மற்றதெல்லாம் பிரெஞ்சு. அது என் காதுக்குள் எப்போதும் எங்கள் தமிழாகத்தான் விழுந்தது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ஸ்டாலின்கிராட் மெத்ரோவுக்குப் பக்கத்துக் கஃபேயில் நாம் இருந்த அந்தக் குளிர்கால மத்தியானம் நினைவிருக்கிறதா? எத்தியோப்பியாவிலிருந்து யூதர்கள் விமானத்தில் இஸ்ரேலுக்கு வந்ததை டெலிவிஷனில் காட்டினார்கள். எல்லாரும் கறுத்தவர்கள். வெள்ளைத் துணி போர்த்த கிழவர்கள் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நீங்கள் கதிரையைவிட்டு எழும்பி நின்றுவிட்டீர்கள்.

“ஒகுஸ்தேன், உன்ரை சொந்தக்காரரோ?” என்று கடைக்காரன் பகிடி விட்டான்.

“ஓம். வந்துசேரக் கொஞ்சம் நேரம் பிந்திப்போச்சுது, அவ்வளவுதான்.”

“அப்ப இவ்வளவு காலமும் யூதர் எண்டு இருந்த ஆக்கள் ஆர்?”

“அவையும்தான். நான் ஒருத்தரையும் கதிரையை விட்டு எழும்பச் சொல்லேல்லை. எனக்கும் ஒண்டு இழுத்துப் போடச் சொல்லுறன்.”

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது உங்கள் பாட்டனாரைப் பற்றிச் சொன்னீர்கள். கப்பலில் விலங்கு போட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரன் அவர். கரும்புத் தோட்டத்தில் வேலை முடிந்ததும், “நாங்கள் இஸ்ராயேல், எங்களுக்கும் ஒரு கடல் திறக்கும்” என்று பிள்ளைகளுக்குச் சொல்வாராம். நான் தலையாட்டினேன். பாதிதான் நம்பினேன், அண்ணை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகுதான் கூத்து வந்தது. தவக்காலத்தில் பங்கு மண்டபத்தில் மோசே கூத்துப் போட்டோம். எழுத்துத் தெரியாத எனக்குக் கூத்தில் ஊரிலும் சரி இங்கேயும் சரி ஒரே வேலை, முகத்துக்குப் பூசுவது. நாற்பது வருடமாக இஸ்ராயேலருக்கு வெள்ளை, பார்வோனின் சேவகருக்குக் கரி. ஏன் என்று நானும் கேட்டதில்லை, எனக்கும் ஒருவரும் சொன்னதில்லை.

நீங்கள் வேடம் கட்டும் அறைக்குள் வந்தீர்கள். வெள்ளை முகங்களோடு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

“தம்பி, வெயிலுக்கை நிண்டு செங்கல் அறுத்த சனத்துக்கு மாவைப் பூசி வைச்சிருக்கிறாயே!”

“மோசே வெள்ளை, அண்ணை. படத்திலை கண்டனான்.”

“படம் கீறினவன் மோசேயைக் கண்டவனோ? மோசே கட்டினதே ஒரு கறுப்பு மனிசியை. வேதத்திலை கிடக்கு.”

எங்கள் கூத்தில் மோசேயாக ஆடும் ஞானம் அப்போது என்னைப் பார்த்தான். அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஒருவருக்கும் தெரியாது; கண் மங்கல் என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன் நான். வெட்கத்தில் வாய் முந்திவிட்டது. “எங்கட தமிழ் வேதத்தை முழுக்க வாசிச்சனான். அப்பிடி ஒரு மனிசி அதிலை இல்லை.”

உங்கள் சிரிப்பு நின்றது. நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. “அப்ப உங்கட ஆக்கள் அவளை வெட்டிப்போட்டினம்” என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனீர்கள். பிறகும் பழையபடி பேசினோம், கோப்பி குடித்தோம். ஆனால் அவளைப் பற்றி நீங்கள் மறுபடி வாய் திறக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் உங்கள் இருதயம் நின்றுபோனது. தமிழர் தங்கள் வேதத்திலிருந்து ஒரு கறுப்புப் பெண்ணை வெட்டி எறிந்தவர்கள் என்று நம்பிக்கொண்டே போய்விட்டீர்களே, அண்ணை? இதை நினைத்துக்கொண்டே, நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக் குசினியில் எத்தனை தட்டுக் கழுவியிருப்பேன்!

உங்களை அடக்கம் செய்த அடுத்த கிழமையே எழுத்துப் படிக்கப் போனேன். புதுச்சேரிக்காரி, ஓய்வு பெற்ற ஒரு மதாம், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். “பேரப்பிள்ளையைச் சேக்க வந்தீங்களா, முசியே?” என்று கேட்டார். “இல்லை, நான்தான் பிள்ளை” என்றேன். சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட ஒரு வருடம் இருந்தேன்.

பிறகு வேதத்தைத் திறந்தேன். அவள் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லவில்லையே! முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து வந்தேன். மூன்றாவது புத்தகம் முழுக்கப் பலிச் சட்டம். அதைக் கடந்தவனுக்கு, செத்தபிறகு பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாது என்று நினைக்கிறேன். நாலாவது புத்தகத்தில், வேலைக்குப் போகும் மெத்ரோவில், என் விரல் நின்றது. மோசே கூஷ் நாட்டுப் பெண்ணை மணந்திருந்தார். அது எத்தியோப்பியப் பக்கம் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது; பங்குச் சாமியாரும் பிறகு அதையே சொன்னார்.

“இருக்கிறாள்!” என்று கத்திவிட்டேன். முன்னால் இருந்த பெண் தன் கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் இறங்க வேண்டிய இடமும் போய்விட்டது.

அண்ணை, அவள் இருக்கிறாள். எங்கள் தமிழ் வேதத்திலும் இருக்கிறாள். ஒருவரும் வெட்டவில்லை. வாசிக்கத் தெரியாத ஒருவன்தான் இல்லை என்றான்.

கதை அதோடு முடியவில்லை. அந்தப் பெண்ணைச் சாட்டி மோசேயைக் குறை பேசிய அவருடைய அக்கா மிரியாமைக் கடவுள் தண்டித்தார். எப்படித் தெரியுமா? தொழுநோய் பிடித்து உடம்பெல்லாம் வெண்பனி போல வெள்ளையாகிவிட்டது. அதை வாசித்தபோது என் நாற்பது வருடப் பவுடர் டப்பாவை நினைத்துக்கொண்டேன். சிரிப்பதா, பயப்படுவதா?

இந்தத் தவக்காலத்தில் மறுபடி மோசே கூத்து. ஞானம் முகத்தை நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து இருந்தான். நான் டப்பாவை மூடினேன்.

“என்ன விசர் வேலை? மேடையிலை மோசே இந்தக் கறுத்த மூஞ்சியோடை நிண்டால் பிரெஞ்சுச் சனம் என்ன நினைக்கும்?”

“இதைக் கேள்” என்று வேதத்தை விரித்தேன். முதலில் என் பொய்யைச் சொன்னேன். பிறகு எல்லாரும் நிற்க, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். நாலைந்து வரிக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று கேட்காதீர்கள்.

“சரி, வெறும் முகத்தோடை ஏறுறன்” என்றான் ஞானம். “சனம் சிரிச்சுதெண்டால் நாளைக்கு நீர்தான் மோசே.”

அந்த மனைவிக்கு ஆள் வேண்டுமே. பக்கத்துப் புறநகர் ஸ்தேனில் இருக்கும் உங்கள் மகள் மார்தினிடம் போனேன். உங்களைப் போலவே ஒற்றைப் புருவத்தைத் தூக்கினாள். “உங்களுக்கு ஒரு கறுப்புப் பொம்பிளை தேவையோ, அப்பான்ரை மகள் தேவையோ?”

“ரெண்டும்தான், பிள்ளை.”

வந்தாள் அண்ணை! உங்கள் தீவுப் பெண்கள் கட்டும் கட்டம் போட்ட மதராஸ் துணியைத் தலையில் கட்டி வந்தாள். “இது எங்கட சாரத் துணியெல்லோ!” என்று எங்கள் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தங்கள் சொந்த முகங்களோடு இஸ்ராயேல் முழுவதும் மேடை ஏறியது. உடனே முன்வரிசையில் ஒரு குரல், “இஞ்சை பாருங்கோ, மோசே எங்கட ஞானம் மாதிரியே கிடக்கிறார்!” மண்டபம் சிரித்தது, பிறகு கைதட்டியது. ஞானத்தின் நெஞ்சு இரண்டு அங்குலம் உயர்ந்ததை நான் திரைக்குப் பின்னால் நின்று கண்டேன்.

டப்பாவில் இருந்த வெள்ளையை வீணாக்கவில்லை. தண்டனைக் கட்டத்தில் அவ்வளவையும் மிரியாமுக்குப் பூசினேன். மோசே மன்றாடி முடிய, வாளித் தண்ணீரில் அவள் முகத்தை நானே கழுவிவிட்டேன். அவள் தன் நிறத்தோடு திரும்பி வந்தபோது மார்தின் முன்னால் போய் அவள் கையைப் பிடித்து நடத்தி வந்தாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது உங்கள் மகள் தானாகச் செய்தது.

உங்கள் பாட்டனாரின் வம்சம் அந்த வம்சம்தானா? அது எனக்கு இன்னும் தெரியாது, அண்ணை. அவ்வளவு பெயர்களையும் வாசித்தேன். உங்கள் தீவின் பெயர் இல்லை, என் ஊரின் பெயரும் இல்லை. ஆனால் எகிப்தை விட்டுப் புறப்பட்டபோது பல இனச் சனமும் அவர்களோடு சேர்ந்து நடந்தது என்று எழுதியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் தலை நிமிர்ந்து முன்னால் நடப்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் பின்னால் நானும் வருகிறேனோ?

வருகிற மரித்தோர் நாளில் மார்தினோடு உங்கள் கல்லறைக்கு வருவேன். வேதத்தைக் கொண்டு வந்து, அந்த நாலைந்து வரியையும் தமிழில் உரக்க வாசிப்பேன். நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பூசும் வேலை என் கையில் இருக்கும்வரை, மோசேயின் பக்கத்தில் அவள் இல்லாமல் இந்த லா சப்பேலில் திரை விலகாது.

உங்கள் பக்கத்தில் ஒரு கதிரை இழுத்துப் போட்டு வையுங்கள்.

அதில் வந்து இருக்கப்போகும் உங்கள் தம்பி,
சந்தியாப்பிள்ளை