அப்பா இருக்கும் இடம்

என் கண்ணான மகள் பொலிக்ஸேனிக்கு அம்மா ஸ்தமாத்தா சொல்லச் சொல்ல, உன் தங்கை அர்கிரோ எழுதுவது. உன் உடம்பு எப்படியிருக்கிறது, வியன்னாவில் உனக்கு யாராவது ஒரு வாய் சூடாகச் சமைத்துத் தருகிறார்களா என்று முதலில் கேட்கிறேன். எங்களைப் பற்றி நீ கேட்டால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் நன்றாக இருக்கிறோம் என்று சொல்ல, மாதாவின் நோன்பு நாளில் வாய் வரவில்லை. இந்தக் கடிதம் உன் சித்தப்பா லாம்ப்ரோசுக்குத் தெரியாமல் எழுதுவது. தபால் பை அவர் காப்பிக்கடையில்தான் இறங்குகிறது என்பது உனக்குத் தெரியும். உன் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறார், அதனால் நான் மெதுவாகப் பேசுகிறேன், இவள் திரியை இறக்கி வைத்துப் போர்வைக்குள் எழுதுகிறாள், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

என் கால் இன்னும் ஆறவில்லை. எலியா தீர்க்கதரிசி திருநாளன்று வாதுமை மரத்துப் பாதையில் சறுக்கி விழுந்தேன், கணுக்கால் வீங்கிப் படுத்தவள் படுத்தபடியே இருக்கிறேன். ஆடு இரண்டை விற்றாயிற்று. வீட்டுக்குள் ஒருவரும் வருவதில்லை. முன்பெல்லாம் நான் தும்மினால் நாலு பேர் குழம்போடு வருவார்கள். இப்போது ரொட்டி அடுப்படியில் இவள் போய் நின்றால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம். அளவு நாடாவோடு அலைந்தாய் அல்லவா, உனக்கு வைத்திருக்கும் பெயர் நாடாக்காரி. "செராஃபிம் மக நாடாவோட வந்தா, நம்ம ஊருக்கே சவப்பெட்டிக்கு அளவெடுத்துட்டுப் போயிட்டா"ன்னு சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களையும் குற்றம் சொல்ல முடியவில்லை, அவர்களுக்கும் வீடு போகிறது.

மகளே, போன கோடையை நான் தினமும் நினைக்கிறேன். மண்ணுக்குள் புதைந்துபோன பழைய பட்டணம் நம் மேட்டில்தான் இருந்தது என்று அரசாங்கத்துக்கு எழுதிப் போனால் அணையின் உயரத்தைக் குறைப்பார்கள், தண்ணீர் நம் தோட்டத்தோடு நின்றுவிடும் என்று அணை கட்ட வந்த இன்ஜினியர் சொல்லியிருந்தார். தோண்டிப் பார்த்து எழுத வேண்டியது யார் என்று பார்த்தால் நம் ஊர்ப் பெண், செராஃபிமின் மகள்! அன்றைக்கு ஊரே நம் வீட்டு வாசலில் ஒயின் ஊற்றியது. நீ விடிந்ததும் கிளம்பிவிடுவாய், தொப்பியும் நாடாவும் கையுமாக. ஆடு மேய்க்கிற கிழவர்களை உட்காரவைத்து இந்த வயலுக்கு என்ன பெயர், அந்த ஊற்றுக்கு என்ன பெயர், உன் தாத்தா அதை என்னவென்று சொல்வார் என்று கேட்டுக் கேட்டு எழுதுவாய். உடைந்த ஓட்டுச் சில்லைப் பொறுக்கி நாக்கால் தொட்டுப் பார்ப்பாய். "பசிச்சா வீட்டுக்கு வா பிள்ள, சட்டிய ஏன் திங்கிற"ன்னு கிழவர்கள் கேலி பண்ணுவார்கள். இவள் உனக்கு முன்னால் சிவப்பு வெள்ளை அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள்.

அப்புறம் அந்தக் கல். எழுத்துள்ள அந்தக் கல்லைச் சித்தப்பா கழுதையில் ஏற்றி எதிர்க்கரையிலிருந்து கொண்டுவந்து நம் மேட்டில் புதைத்ததும், அதற்கு முந்தின நாள் பெண்கள் எல்லாம் கூடி வினிகர் ஊற்றித் தேய்த்ததும் ஊருக்கே தெரியும், உன் ஒருத்தியைத் தவிர. தோண்டி எடுத்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நீ குனிந்து எழுத்தின் குழிக்குள் நகத்தை விட்டாய். வெள்ளைச் சுண்ணாம்பு வந்தது. மண்ணுக்குள் கிடந்த கல்லுக்கு ஈஸ்டருக்கு யார் சுண்ணாம்பு அடித்தார்கள்? புனித மரினா கோயிலின் வாசற்படி அது. வருஷாவருஷம் திருநாளுக்கு ஆற்றைக் கடந்து போனால் சின்னப் பிள்ளையில் நீ அதன் மேல்தான் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாய். இரண்டாயிரம் வருஷத்துக் கல் என்று அதைக் கொடுக்கப் போனோம், சுண்ணாம்பு அடித்தது நாங்கள்தான் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை பார். "இந்தக் கல் நடந்து வந்திருக்கு" என்று நீ சொன்னாய். என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். பட்டணம் எதிர்க்கரை மேட்டில், அந்தப் பழைய மதிலின் மூலை நிற்கிற இடத்தில்தான் என்று நீ எழுதினாய். அந்த மேட்டுக்குத் தண்ணீர் எப்படியும் ஏறாது. காப்பாற்ற வேண்டாததைக் காப்பாற்றினாள் என்று ஊர் சொல்கிறது. நானும் சில இரவுகளில் நினைத்தேன், ஒரு வரி மாற்றி எழுதியிருந்தால் என் பிள்ளைக்கு என்ன குறைந்துவிடும் என்று. உன்னிடம் அதை மறைக்கவில்லை. ஆனால் உன் அப்பா இருந்திருந்தால் உனக்காகத்தான் பேசியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அதை விட்டுவிடுவோம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் சிலுவைத் திருநாள் முடிந்ததும் அணையின் மதகை மூடுகிறார்கள், ஊர் தண்ணீருக்குள் போய்விடும். கீழே சமவெளியில் கட்டியிருக்கும் புதுவீடுகளில் ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி ஜன்னல், அத்திமரம் ஒன்று கிடையாது. போகட்டும். எல்லாரும் தங்கள் தங்கள் இறந்தவர்களின் எலும்பை எடுத்து ஒயினில் கழுவிப் பெட்டியில் வைத்துப் புதுக்கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். நம் அப்பாவுக்கு ஆள் இல்லை. மண்வெட்டி பிடிக்கிற ஒருவனும் நாடாக்காரி வீட்டுக் கல்லறையைத் தொட மாட்டேன் என்கிறான். அவர் போய் இன்னும் மூன்று வருஷம் நிறையவில்லை, உடம்பு கரைந்திருக்காது. மகள் செய்த பாவம் அப்பனைக் கரைய விடாது என்று ஒருத்தி இவள் காதுபடவே சொன்னாளாம். பாதிரியாரைக் கூப்பிட்டனுப்பிக் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டு, "அவசரப்பட்டா உடைஞ்சு போகும் ஸ்தமாத்தா, இதுக்குத் தெரிஞ்ச கை வேணும்" என்றார். தெரிந்த கை யாருடையது, மகளே? யாரோ பெயர் தெரியாதவர்களின் எலும்பைத் தூரிகையால் மண் தட்டி, மூச்சுக்கூடப் படாமல் எடுக்கிறாயே. உன் அப்பாவை நீ வந்து எடு. நீ வந்தால் யார் என்ன சொன்னாலும் நான் கம்பை ஊன்றியாவது பக்கத்தில் வந்து நிற்பேன். ஒயினும் புது வெள்ளைத் துணியும் எடுத்து வைத்திருக்கிறேன். நீ வருவாய் என்ற ஒரே நினைப்பில்தான் இந்தப் படுக்கையில் நாள் ஓடுகிறது.

ரயிலில் ஜன்னல் பக்கம் உட்காராதே, காது வலி வரும். கம்பளிச் சட்டையைக் கோடையானாலும் பெட்டியில் வை. வெறும் காப்பியில் நாளை ஓட்டாதே. முப்பது வயதாகிறது, ஒரு நல்லவன் கேட்டால் கல்லைப் பார்க்கிற மாதிரி அவனைத் தட்டித் தட்டிப் பார்க்காதே. சிலுவைத் திருநாளுக்கு முன்னால், மறந்துவிடாதே, முன்னால். மாதா உன் பாதையைத் துடைத்து வைக்கட்டும். நீ தொட்டதெல்லாம் உடையாமல் கைக்கு வரட்டும். உன்னைப் பெற்றவள் ஸ்தமாத்தா. எழுதத் தெரியாததால் என் கையாலேயே சிலுவை போட்டிருக்கிறேன்.

+

அக்கா, இனி நான் மட்டும் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னாள், சிலுவை வரை வாசித்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது என்பதற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை, அதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

நீ வராதே அக்கா. வந்தாலும் எடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை அப்பா கல்லறைக்கு எண்ணெய் விளக்கு ஏற்றப் போனேன். அணைக்காரர்களின் லாரி நின்றது. மூன்று வருஷம் ஆகாதவர்களை எடுக்கக்கூடாது, நோய் வரும் என்று உத்தரவாம். கீழ் வரிசை முழுக்க சிமென்ட் ஊற்றிவிட்டார்கள். அப்பாவின் மரச்சிலுவையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள். சித்தப்பா அங்கேதான் நின்றார், தொப்பி கையில் இருந்தது. அவர் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. என்னைப் பார்த்ததும், "அண்ணிகிட்ட மூச்சு விடாத. தண்ணி வர்ற வரைக்கும் நம்பிக்கிட்டுக் கெடக்கட்டும், பாவம்" என்றார். அப்புறம், "அவளுக்கும் எழுதாத. வந்து நின்னான்னா நம்ம ஆளுங்க என்ன செய்வாங்கன்னு எனக்கே தெரியல" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அவர் மேல் எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு இன்னும் அதிகமாகப் பயந்தேன். அம்மா தினமும் கேட்கிறாள், விளக்கு ஏற்றினாயா என்று. ஏற்றினேன் என்கிறேன். சிமென்டின் மேல் வைக்கிறேன்.

இடம் தொலைந்துவிடக்கூடாது என்று நீ போன கோடையில் செய்த மாதிரி குறித்து வைத்தேன். கோயில் மணிக்கூண்டையும் வாதுமை மரத்தையும் வைத்துத்தான் முதலில் குறித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது, இரண்டுமே தண்ணீருக்குள் போய்விடும். மறுநாள் திரும்பப் போய் அப்பாவின் தலைமாட்டில் நின்று சுற்றிப் பார்த்தேன். கிழக்கே, மலை உச்சியில் இருக்கும் எலியா தீர்க்கதரிசியின் கோயில், அதன் பின்னால் இருக்கும் பிளந்த பாறையின் பிளவுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வடக்கே எதிர்க்கரையில் நீ எழுதிய அந்த மதில் மூலை, அதற்கு நேர் பின்னால் பனிமலையின் உச்சி. வேறு எதைத் தேடியும் கிடைக்கவில்லை, அந்தப் பக்கம் தண்ணீருக்கு மேலே நிற்கப்போவது அந்த மதில்தான். என்றைக்காவது படகில் வந்தால் இரண்டு பக்கமும் அப்படித் தெரிகிற இடத்தில் துடுப்பை நிறுத்து. கீழே அப்பா.

உன் வரைபடத்தில் நம் மேட்டில் ஒன்றும் இல்லை என்று வெறுமையாக விட்டிருப்பாய். அங்கே ஒரு புள்ளி வை.

இன்னொன்று. சிலுவைத் திருநாளுக்குள் வருகிறேன் என்று அம்மாவுக்கு எழுது. இந்தப் பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கும் விலாசத்துக்கு அனுப்பு, அது சந்தை ஊரில் என் ஞானத்தாயின் வீடு. நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். பிறகு ரயில் இல்லை, விசா இல்லை என்று ஏதாவது நானே சேர்த்துக்கொள்கிறேன். உனக்குப் பொய் எழுத வராது என்று எனக்குத் தெரியும், ஊரே கேட்டும் நீ எழுதவில்லை. ஒரே ஒரு பொய், அக்கா. அம்மாவின் கடிதத்தில் மட்டும். வரைபடத்தில் வேண்டாம்.

உன் தங்கை,
அர்கிரோ