ஷைனி பெயரில் ஒரு வீடு

மரியே வாழ்க

நெய்வேலி, பிளாக் 21
19.1.2025

அன்பு மகள் ஷைனிக்கு அப்பா பாக்கியசாமி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். பொங்கலுக்கு வந்து இரண்டே நாளில் கிளம்பிவிட்டாய் என்று அம்மாவுக்குக் குறை. போனில் நீ பேசுவது எனக்குச் சுத்தமாகக் கேட்பதில்லை. அம்மா கேட்டுச் சொல்வதற்குள் பாதி மாறிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முத்தாண்டிக்குப்பத்தில் ராஜாங்கத்தின் ஓட்டு வீட்டைப் பேசி முடித்தாயிற்று. மே மாதம் நான் ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் அல்லவா? பி.எஃப். பணம் பதினொரு லட்சத்தை உன் கணக்கில் போட்டுவிட்டேன். பத்திரம் உன் பெயரில்தான். ராஜாங்கத்தின் தம்பி துபாயிலிருந்து வந்து கையெழுத்துப் போடவேண்டுமாம். பதிவு ஈஸ்டர் கழித்துத்தான்.

இந்த செமஸ்டரில் ஆப்ஷன், ஃப்யூச்சர் என்று ஏதோ பாடம் என்றாயே, அது என்னம்மா?

அன்புடன்
அப்பா

*

கோயம்புத்தூர்
9.2.2025

அன்புள்ள அப்பா,

காடாம்புலியூர் மாமாவின் முந்திரியை வைத்துச் சொல்கிறேன். மே மாதக் கொட்டைக்கு இப்போதே ஒரு விலை பேசி, மாமாவும் வியாபாரியும் கட்டுப்பட்டுவிட்டால் அது ஃப்யூச்சர். அந்த விலைக்கு வாங்கும் உரிமைக்காக மட்டும் வியாபாரி ஒரு சிறுதொகை கொடுத்தால் அது ஆப்ஷன். விலை இறங்கினால் அவர் வாங்காமல் போய்விடலாம். கொடுத்த சிறுதொகையோடு நஷ்டம் நின்றுவிடும். பெரும்பாலான நேரம் அந்தத் தொகை, உரிமையை விற்றவர் கையிலேயே தங்கிவிடும், அப்பா. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அது எனக்கு நன்றாக வருகிறது. உள்தேர்வில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை அனுப்பியிருக்கிறேன்.

அன்பு மகள்
ஷைனி

*

மரியே வாழ்க

நெய்வேலி
2.3.2025

அன்பு மகளுக்கு,

புடவை வந்தது. ஞாயிறு பூசைக்கு அம்மா கட்டிக்கொண்டு வந்தாள். விலைச்சீட்டைப் பார்த்தேன், ஆறாயிரத்து நானூறு. படிக்கிற பிள்ளைக்கு ஏது இவ்வளவு?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வாங்குகிறவருக்கு நஷ்டம் கொடுத்த தொகையோடு நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். விற்கிறவருக்கு எங்கே நிற்கும் என்று எழுதவில்லையே.

அப்பா

*

கோயம்புத்தூர்
10.4.2025

அப்பா,

உங்கள் கேள்விக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். விற்கிறவருக்கு நிற்பதற்கு இடமே இல்லை, அப்பா.

வீட்டுப் பணத்தை வைத்து நான் பங்குச்சந்தையில் ஆப்ஷன் விற்றுக்கொண்டிருந்தேன், சந்தை விழுந்தால் விற்றவருக்கு நஷ்டமாகும் வகை. பணம் கணக்கில் சும்மாதானே இருக்கிறது, ஈஸ்டருக்குள் ஒரு லட்சம் சேர்த்துத் தரலாம் என்று நினைத்தேன். ஒன்பது வாரம் தவறாமல் வந்தது. புடவையும் அதில்தான். இந்தத் திங்கட்கிழமை காலை சந்தை திறக்கும்போதே விழுந்துகிடந்தது. பயத்தில் எல்லாவற்றையும் நஷ்டத்தோடு முடித்துவிட்டு, இன்னும் விழும் என்று நம்பி மிச்சப் பணத்தை இறக்கத்தின்மேல் வைத்தேன். மறுநாள் ஏறிவிட்டது. இரண்டு லட்சத்துச் சொச்சம்தான் மிச்சம்.

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ஷைனி

*

மரியே வாழ்க

நெய்வேலி
16.4.2025

அன்பு மகளுக்கு,

கடிதத்தைத் தபால்காரரிடம் நானே வாங்கியது நல்லதாயிற்று. முதலில் சாப்பிடு. பரீட்சையை விட்டுவிடாதே.

ராஜாங்கத்திடம் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா காரணம் கேட்டாள். உன்னிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கித் தெரிந்த ஒருவரின் ஃபைனான்ஸில் போட்டதாகவும், அவர் ஓடிவிட்டதாகவும் சொன்னேன். "முப்பது வருசமா மைன்ஸுல கரி ஓடுற பெல்ட்டுகிட்ட நின்னுகினு சம்பாரிச்ச காசுங்க. எவனோ பேச்சக் கேட்டுகினு தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

பரீட்சை முடிந்ததும் வா. உன் வாயால் அவளிடம் சொல். பக்கத்தில் நான் இருப்பேன்.

அப்பா

*

கோயம்புத்தூர்
25.5.2025

அன்புள்ள அப்பா,

சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த திங்கட்கிழமையே சேரவேண்டும். அதனால் இப்போது ஊருக்கு வரமுடியாது. உங்கள் ரிட்டயர்மென்ட் விழாவுக்கும் வரமுடியாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் நேரம் பார்த்துச் சொல்கிறேன், அப்பா. போனில் பேசும்போதெல்லாம் அழுகிறார். இந்த நிலைமையில் எப்படிச் சொல்வது? முதலில் கொஞ்சம் சம்பாதித்துக்கொள்கிறேன். நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டேன்.

அன்பு மகள்
ஷைனி

*

மரியே வாழ்க

நெய்வேலி
6.7.2025

ஷைனிக்கு,

அம்மா போன மாதமே காடாம்புலியூருக்கு, உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கான்ட்ராக்டில் மைன்ஸுக்கே வேலைக்குப் போகிறேன். என் கீழே வேலை பார்த்த கலைச்செல்வன்தான் இப்போது எனக்கு ஷிப்ட் போடுகிறான். மரியாதையாகத்தான் நடத்துகிறான். கிராஜுவிட்டி வந்தது, உன் படிப்புக் கடனை அடைத்துவிட்டேன்.

நேற்று பாத்திரங்களை எடுத்துப்போக அம்மா வந்தாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக என் காதருகே குனிந்து பேசினாள். "உங்க பொண்ணே சொல்லிச்சு. அப்பா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வாணாம்னு சொல்லியிருப்பேம்மான்னு போன்ல அழுதுகினே சொல்லிச்சு" என்றாள். உன்னைப்போலப் படித்த பிள்ளையைக் கேட்காமல் போனேனாம். பாத்திர மூட்டையை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

பணம் போனதற்கு எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. வயசுப்பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பழியை என்மேல் போட்டுக்கொண்டதும் கொஞ்ச நாளைக்குத்தான், நீ வந்து எடுத்துவிடுவாய் என்றுதான்.

இனிமேல் அம்மாவிடம் சொல்லவேண்டாம். நான் இல்லை என்று அவள் பழகிக்கொண்டுவிட்டாள். நீயும் இல்லை என்று ஆகிவிட்டால் அவளுக்கு யாரும் இல்லை. மாதாமாதம் அவளுக்குப் பணம் அனுப்பு. எனக்கு வேண்டாம்.

பதினைந்தாம் தேதி குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்கிறேன். அதற்குப் பிறகு இந்த விலாசத்துக்கு எழுதினால் வேறு யாராவது படிப்பார்கள். போகும் இடத்தின் விலாசத்தை இதில் நான் எழுதவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா