சகலை வீட்டுப் புலாசான்

பிப்ரவரி 11, ஞாயிறு

சகலை மரத்தில் பிஞ்சு பிடித்துவிட்டது. கொழுந்தியாள் தன் அக்காளுக்குப் போனில் சொல்லி, இவள் வந்து எனக்குச் சொன்னாள். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றேன். சவரக்கத்தி தாடையைக் கீறிவிட்டது.

ஆறு வருடம். நர்சரி அம்மாவிடம் ஒரே தட்டிலிருந்து ஒரே நாளில் வாங்கிய நாற்றுகள் அவை இரண்டும். புலாசான். ரம்புத்தானுக்கு நெருங்கிய சொந்தம். முடிக்குப் பதில் மொட்டை முள், உள்ளே அதைவிட இனிப்பு. அப்போது இந்தப் பக்கம் யாரிடமும் கிடையாது. மூத்த மருமகன் என்ற உரிமையில் நான்தான் முதலில் எடுத்தேன். உயரமானதைப் பார்த்து எடுத்தேன். மிஞ்சியதை அவன் தூக்கிக்கொண்டு, "எதுவா இருந்தா என்னண்ணே, ரெண்டும் ஒண்ணுதானே" என்றான்.

நான் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நிழல் வலை கட்டினேன், சொட்டுக் குழாய் போட்டேன், இலை மக்கைச் சலித்துச் சலித்துப் போட்டேன். அவன் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றினான். போன வருடம் அவன் மரம் பூத்து, ஒன்றுவிடாமல் கொட்டியது. ஆறுதல் சொல்லப் போய்விட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள பின்சந்து வழியாக விசிலடித்துக்கொண்டு வந்தேன். மறைப்பானேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

என் மரம் இந்த வருடம்தான் முதன்முதலாகப் பூத்தது. கிளை கிளையாக, பச்சையாக, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் பூ என்று தெரிகிற அளவில். யாரிடமும் மூச்சுவிடவில்லை. காயைக் காட்டி ஒரேயடியாக எல்லோர் வாயையும் அடைக்கலாம் என்றிருந்தேன்.


மார்ச் 2

என் மரத்தில் ஒன்றுகூட இல்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தாயிற்று. ஒன்றுகூட.


மார்ச் 17

பழச்செடி வாட்ஸப் குழுவில் சகலை படம் போட்டிருக்கிறான். கொத்துக்கு ஏழெட்டுக் காய். படத்தின் மூலையில் அவன் கட்டைவிரல் வேறு. எழுபத்தாறு பேர் வாழ்த்தியிருக்கிறார்கள். நானும் ஒரு பூங்கொத்தைத் தட்டிவிட்டேன். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

என் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு வலது கண் பவரை இடது கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை.


ஜூலை 8

பழத்தோடு வந்தான். கிண்ணம் நிறைய. இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எங்களுக்குப் பொறுக்கியிருக்கிறான். அதுவும் எரிகிறது. சின்னதாகக் கொடுத்திருந்தால் கஞ்சப்பயல் என்று திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு திருக வேண்டும், மூடி மாதிரிக் கழன்று வரும். மகள் பதினொன்று தின்றாள். "சித்தப்பா கை ராசியான கைம்மா" என்று தன் அம்மாவிடம் சொல்கிறாள். என் கை என்ன கை? அவளுக்குப் பிறந்ததிலிருந்து சோறு போட்ட கை.

"எப்படிண்ணே இருக்கு?"

"லேசா புளிப்பு."

புளிப்பே இல்லை.


ஜூலை 21

அச்சகத்தை மூடிவிட்டார்களாம். சகலை அங்கே பத்தொன்பது வருடம் பைண்டிங் செய்தவன். ஐயோ பாவம் என்று நினைக்க உட்கார்ந்தேன், அதற்குள் அவனே சிரித்துக்கொண்டு வந்து நிற்கிறான். இனிமேல் செடிதானாம் பிழைப்பு. புலாசான் விதை நாலு நாள் வெளியே கிடந்தாலே செத்துவிடும், தூரத்திலிருந்து வரவழைக்க முடியாது, மரம் வைத்திருப்பவன்தான் நாற்று விட முடியும். அந்த ஒற்றை மரத்தை நம்பி இறங்குகிறான். இவள்தான், "நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, யோசிச்சுப் பண்ணச் சொல்லி?" என்றாள்.

நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள்.


ஆகஸ்ட் 4

கொட்டிய பூவைக் கண்ணாடிக் கூட்டில் பத்திரமாக வைத்திருந்தேன். இன்று நர்சரி அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் லென்ஸை வாங்கிப் பார்த்தவள் உடனே சொல்லிவிட்டாள்.

"இது ஆண் மரம் சார். ஜென்மத்துக்கும் காய்க்காது. விதைக் கன்றுல இப்படி வரும், முன்னாடியே கண்டுபிடிக்க முடியாது."

ஆறு வருடம் ஒரு ஆம்பளைக்குச் சோறு போட்டிருக்கிறேன். சிரிப்பு வருகிறது. இல்லை, வரவில்லை.

பிறகு கேட்டாள்: "அக்கம் பக்கத்துல யார்கிட்டயாவது காய்க்கிற புலாசான் இருக்கா?"

இருக்கிறது என்றால் போய்ப் பார்ப்பாள், ஒட்டுக்குக் குச்சி கேட்பாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் புகழைப் பாடுவாள். நர்சரி என் கடைக்கு எதிரிலேயே, அங்கே நின்றே பாடுவாள்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப இத வச்சு என்ன பண்ண. இடுப்பளவுக்கு வெட்டிட்டு, காய்க்கிற மரத்துக் குச்சி கிடைச்சா மேல ஒட்டுக் கட்டுங்க."


ஆகஸ்ட் 12

சகலை குடும்பத்தோடு அவன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறான், நாலு நாளைக்கு. நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம்தான் கொடுத்தான். ஊற்றினேன். நன்றாகவே ஊற்றினேன். பிறகு அவன் மரத்தில் தெரியாத பக்கமாக நாலு குச்சி வெட்டி, ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன்.

கேட்டால் கொடுத்திருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.


ஆகஸ்ட் 13

வாளெடுத்து என் மரத்தை இடுப்பளவில் அறுத்தேன். முக்கால் மணி நேரம். நாலு ஒட்டும் கட்டியாயிற்று. ஒரு கட்டுகூடப் பிசகவில்லை. லென்ஸ் விளிம்பு தேய்க்கிற கை.


ஆகஸ்ட் 20

சகலை வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். "என்னண்ணே, ஆறு வருஷ மரத்த!"

"வேற ரகம் ஒட்டியிருக்கேன்."

"இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தா உங்களுதும் காய்ச்சிருக்குமே. என்னுது மட்டும் எடுத்தவுடனே காய்ச்சுதா?" அறுத்த இடத்தைத் தடவிக் கொடுத்தான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.


நவம்பர் 26

நாலில் இரண்டு ஒட்டுப் பிடித்துத் துளிர்த்துவிட்டன. சகலையிடம் எண்பது நாற்று நிற்கிறது, இலைக்கு இலை பளபளப்பு. அடுத்த பருவத்துக்கு நானூறு சொல்லி வைத்திருக்கிறார்களாம். பைபாஸ் பக்கம் இடம் குத்தகைக்கு எடுத்துவிட்டான், கூரை போட்டாயிற்று. பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் என்று என்னிடம் கேட்கிறான். "ஏதோ ஒண்ணு போடு" என்றேன். என் கடைப் பலகையை எழுதும்போது அவன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அது ஞாபகம் வந்து தொலைத்தது.


ஜனவரி 19 (புது நோட்டு)

அவன் மரம் மறுபடி பூத்துவிட்டது. போன வருடத்தைவிட இரண்டு மடங்கு.


பிப்ரவரி 25

கொட்டிவிட்டது. அத்தனையும். தரையெல்லாம் தூள்.

எழுதத்தான் வேண்டும்: செய்தி கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதியம் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டுச் சாப்பிட்டேன். இவள், "என்ன இன்னிக்குப் பசி?" என்றாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கொழுந்தியாள் அந்தத் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. முறத்தில் அள்ளி, வாளியில் கொட்டி, திரும்ப அள்ளி.


மார்ச் 3

சகலை நர்சரி அம்மாவைக் கையோடு கூட்டி வந்திருந்தான். நானும் அங்கே இருந்தேன். போயிருக்கக் கூடாது.

மரத்தைச் சுற்றி வந்தாள். "மரத்துக்கு ஒண்ணுமில்ல தம்பி. போன வருஷம் பக்கத்துல எங்கயோ ஒரு ஆண் மரம் பூத்திருக்கு. தேனீ கொண்டாந்து சேர்த்திருக்கு. இந்த வருஷம் அது இல்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள். நான் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தேன்.

சகலைக்கு ஒன்றும் ஓடவில்லை. "அண்ணனுதும் என்னுதும் ஒரே தட்டு நாத்தும்மா, ரெண்டும் பொண்ணாத்தான் இருக்கும். இது வேற எங்கயோ இருக்கு" என்கிறான்.

நர்சரி அம்மாவை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "நான் அன்னிக்குக் கேட்டேன் சார். நீங்க இல்லன்னீங்க. நீங்களே சொல்லிடுங்க. அப்புறம், ஒட்டுக்குக் கீழ எதாவது முளைச்சா கிள்ளிடாதீங்க, அதுதான் பழைய ஆணு. பூக்க ரெண்டு வருஷமாவது ஆகும்."

அவள் ஏன் கேட்டாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ...தெரியாதா? மனுசனுக்கு அவ்வளவுகூடப் புத்தி வேலை செய்யாதா? ஒரு ஓரத்தில் உறைத்திருக்கும். உறைத்ததைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுத்தானே வாளெடுத்தேன்?


மார்ச் 10, ஞாயிறு

சகலை அந்த ஆண் மரத்தைத் தேடுகிறான். வீடு வீடாக. இன்று என்னையும் கூப்பிட்டான். "நீங்க கூட வந்தா தெரிஞ்சவங்க கதவு திறப்பாங்கண்ணே, பாதிப் பேருக்கு நீங்க போட்ட கண்ணாடிதானே."

அவன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். பதினேழு வீடு. ஒவ்வொரு சுவருக்கும் எம்பி எம்பிப் பார்க்கிறான். ஒரு டீச்சர் வீட்டில் ரம்புத்தானைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரிக் கத்தினான், கிட்டப் போய்ப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. நானும் எம்பிப் பார்த்தேன். என்னவோ தேடுகிறவன் மாதிரி. த்தூ.

சொல்லிடணும். டீக்கடையில நிறுத்துனப்ப சொல்லியிருக்கணும். டீய உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.


மார்ச் 31

நாலாவது ஞாயிறும் போனேன்.


ஏப்ரல் 22

ஒட்டுக்குக் கீழே இரண்டு தளிர். சிவந்து, சுண்டுவிரல் நீளம். கிள்ளவில்லை.

சகலை நானூறு நாற்றுக்குச் சொல்லி வைத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். கொழுந்தியாள் துணிக்கடை வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.


மே 19, ஞாயிறு

எங்கிருந்து தொடங்க.

போன வாரம் வாங்கிப்போன என் ஏணியைத் திருப்பிக் கொடுக்கச் சகலை வந்தான். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து அவன் குரல்: "அண்ணே, ஒட்டுக்குக் கீழ முளைக்க விட்டிருக்கீங்களே, சத்தெல்லாம் இது இழுத்துக்கும். இருங்க, கிள்ளி விடறேன்."

ஓடினேன். ஒன்று கிள்ளித் தரையில் கிடந்தது. இன்னொன்றின் மேல் கை வைத்துவிட்டான்.

"டேய் விடுடா! அதுதான்டா உன் மரத்துக்கு ஆம்பள!"

அப்படித்தான் வந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை. அப்புறம் நிறுத்த முடியவில்லை. பூத்தது, அந்தம்மா கேட்டது, நான் இல்லை என்றது, வாள், எல்லாம். ஒட்டின குச்சி யாருடையது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமலே தப்பித்திருக்கலாம்.

அவன் கத்தவில்லை. இவளும் மகளும் வாசற்படியில் வந்து நின்றுவிட்டார்கள். வெட்டினதைப் பற்றிக் கேட்கவில்லை. குச்சி திருடினதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்புறம் எதுக்குண்ணே எங்கூட தேட வந்தீங்க?"

குழாயில் கை கழுவினான். பின்சந்து வழியாகப் போய்விட்டான். ஏணி சுவரில் சாய்த்தபடி இருக்கிறது.


மே 20

இவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டில் போய்ச் சாப்பிட்டாள். மகளும்.


மே 24

மகள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "பொறாமைன்னு தெரியும்ப்பா. எல்லாருக்கும் தெரியும். இவ்வளவுன்னுதான் தெரியாது" என்றாள்.

எல்லோருக்கும் தெரியுமாம். நான் அந்தப் பூங்கொத்தை வேறு அனுப்பிவைத்தேன்.


ஜூன் 10

சகலை காலை ஆறரைக்கு வருகிறான். பின்சந்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே மரத்தடிக்கு. இன்றைக்குப் பதினைந்து நாளாக இதே கதைதான். மிஞ்சிய அந்த ஒற்றைத் தளிருக்குக் குச்சி நட்டு, பழைய பைண்டிங் துணியைக் கிழித்துக் கட்டியிருக்கிறான். முழங்கை உயரம் வந்துவிட்டது. தண்ணீரும் அவனே கொண்டுவருகிறான். என் குழாயைத் தொடுவதில்லை.

மூன்றாம் நாள் நான் தோட்டத்துக்குப் போனேன். இலைப்புழுவைப் பொறுக்கிக்கொண்டிருந்தவன், எழுந்து போய்விட்டான். அதிலிருந்து சமையலறை ஜன்னலோரமாகவே நின்றுகொள்கிறேன்.

இவள் தினமும் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறாள். மகளும் கல்லூரி கிளம்பும் முன்னால் போய் நிற்கிறாள். இன்று அவர்கள் போன பிறகு அவன் மட்டும் தளிருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அதனிடம் ஏதோ சொன்னான். நல்ல நீளமாக. நடுவில் சிரித்தான்கூட. அதே பழைய சிரிப்பு, என் கடைப் பலகைக்கு ஏணி பிடித்துக்கொண்டு நின்றபோது சிரித்தது.

என்னிடம் அவன் பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் சொந்த மரத்தின் முழங்கை உயரத் தளிரைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு நின்றேன்.