கவிழ்த்து வைத்த தட்டு

இன்று மத்தியானம் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த ஒருவர், கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் பலகையில் இருந்த பெயரைப் பார்த்து, "இது யாரு, உங்க மாஸ்டரா?" என்று கேட்டார். உன் கிளாப் பலகைதான். படப்பிடிப்பு முடிந்த அன்று என் அண்டா குண்டாக்களோடு லோடு வண்டியில் ஏறி வந்தது, கேட்பாரில்லாமல் இங்கேயே தங்கிவிட்டது. 'காட்சி' என்ற கட்டத்தில் அன்றைய குழம்பை எழுதுகிறோம். 'டேக்' கட்டத்தில் கூட்டும் பொரியலும். 'இயக்கம்' என்ற இடத்தில் உன் பெயரை நீயே பெயிண்டால் எழுதியிருந்தாய். எத்தனை ஈரத்துணி போட்டாலும் அது மட்டும் போவதில்லை. இன்றைய காட்சி கருவாட்டுக் குழம்பு. கேட்டவரிடம், "ஆமா, அவுகதான்" என்றேன். அவர் இன்னும் ஒரு கரண்டி குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "மாஸ்டர்கிட்ட சொல்லுங்க, நல்லாருந்துச்சு" என்று சொல்லிப் போனார். சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

உனக்கு வெந்நீர்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது. ஆனால் சமையலைப் பற்றிப் பேசுவதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான், என் தூக்குவாளியைத் திறந்து குற்றம் சொல்லிக்கொண்டே காலி செய்வாய். நான் கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்து மெஸ் போட்டேன். நீ சென்னைக்குப் போய் யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்துவிட்டு, சொந்தக் கதையோடு ஊர் திரும்பினாய். மத்தியானப் பந்தி முடிந்து நாங்கள் பாத்திரம் ஒதுக்கும் நேரம் பார்த்து வந்து அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிடுவாய்.

"ரெண்டும் ஒரே வேலைதாண்டி. நீ காலைல மசாலா அரைக்கிற, மத்தியானம் கறி வெட்டுற, கடைசியில எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்குற. நானும் கடைசிக் காட்சிய மொதல்ல எடுப்பேன், மொதக் காட்சிய கடைசியில எடுப்பேன். சேக்குறப்பதான் ருசி வரும்."

"உன் படத்தப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சு, தோணுறப்ப காட்டிக்கிடலாம். என் ரசம் ராத்திரி வரைக்கும் தாங்குமாடி?"

"அதெல்லாம் பெரிய வித்தியாசமில்ல. ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். உன் வேலையில போட்டத எடுக்க முடியாது. நான் எடுத்துருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போடலாம், தண்ணீர் விடலாம், தேங்காய் அரைத்து ஊற்றலாம் என்று அடுக்கினேன். எல்லாம் மேலும் போடுவதுதான். எடுப்பது ஒன்றுகூட இல்லை. நீ மூட்டை மேல் இருந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாய்.

படப்பிடிப்புக்கு என்னையே சமைக்கக் கூப்பிட்டாய். திருச்சுழிப் பக்கம் பருத்திக் காட்டை ஒட்டிய ஒரு வீடு. அதன் பின்னால் தகரக் கொட்டகையில் என் அடுப்பு. உன் கதையில், வேலை தேடி ஊர் ஊராய் நடந்த ஒரு தகப்பன், பட்டினியோடு மகள் வீட்டுக்கு வந்து சேருகிறான், அவள் சோறு போடுகிறாள். அந்தக் காட்சி சரியாக வராவிட்டால் படமே நிற்காது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாய். அதைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தாய். மறுநாள் காலையில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்திருந்த கூலி வேலைக்காரர் ஒருவர்தான் தகப்பன். அதற்கு முன்னால் கேமராவை அவர் கண்ணால் கண்டதில்லை.

அன்று முற்பகலில் அந்தப் பெரியவர் என் கொட்டகை ஓரமாக வந்து உட்கார்ந்தார். உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீகளா ஐயா?"

"இல்லத்தா. காலையிலருந்து ஒண்ணும் திங்கக் கூடாதுன்னு அந்தப் பிள்ளை சொல்லிருச்சு. நெசப் பசியோட நடிக்கணுமாம்."

"பசி உங்களுக்குத் தெரியாததா? அதுக்கு இன்னைக்கும் பட்டினி கெடக்கணுமா?"

அவர் சிரித்தார். "தெரியும்தான். அந்தப் பிள்ளை ஆசையாக் கேக்குதேத்தா."

நான் தட்டை எடுத்துச் சோறு போட்டேன். ஒளித்து மறைத்துப் போடவில்லை. எல்லாரும் நடமாடும் இடத்தில் உட்கார வைத்துத்தான் போட்டேன். அவரும் முதலில் தயங்கினார், பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

சாயங்காலம் காட்சி ஆரம்பித்தது. குழம்பில் ஆவி தெரிய வேண்டும் என்று நீ கேட்டதால், நீ கை காட்டும் வரை மூடி வைத்திருந்து சுடச்சுட அனுப்பினேன். பெரியவர் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல ஆற அமரப் பிசைந்து சாப்பிட்டார். கருவாட்டின் முள்ளைப் பதமாக எடுத்து ஓரம் வைத்தார். நடுவில் நல்ல ஏப்பம் ஒன்று விட்டார். ஒலிப்பதிவு செய்தவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார். நீ நேராகக் கொட்டகைக்கு வந்தாய்.

"சோறு போட்டியாடி?"

"போட்டேன்."

"நான் வேணாம்னது தெரியுமா?"

"தெரியும். அவரே சொன்னாரு."

"பெறகு ஏன்டி என் படத்துல கை வைக்கிற?"

"உன் படத்துல நான் எங்க கை வச்சேன்? என் அடுப்புக்கிட்ட வந்து ஒக்காந்த ஆளப் பசியோட அனுப்ப என்னால ஏலாது."

நீ சத்தம் போடவில்லை. "வெளிச்சம் போகப் போகுது. இனிமே அவருக்குப் பசிக்கணும்னா ராத்திரி ஆயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாய். இருந்த வெளிச்சத்தில் எதை எதையோ எடுத்தீர்கள். நான் பாத்திரம் கழுவினேன். அந்தத் தட்டையும் கழுவிப் பின்கட்டுக் கல்லில் கவிழ்த்தேன். உன் கேமராக்காரர் அந்தப் பக்கம் வந்து குனிந்து நின்றதைப் பார்த்தேன், என்ன ஏது என்று கேட்கவில்லை.

அதன் பிறகு பல மாதம் நீ வரவில்லை. சோறு போட்டதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் படவில்லை. ஆனால் அதில் உனக்குப் போனது என்ன என்று எனக்குத் தெரியும். அரிசி மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தியது.

படம் முடிந்து, வேலை செய்தவர்களுக்கெல்லாம் முதலில் காட்டுவதற்கு அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தாய். போன் வந்தது. "வாடி. நான் பாத்துப் பாத்து நாக்கு மரத்துப்போச்சு. நல்லாருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல." அது எனக்குப் புரிந்தது. அண்டா பக்கத்தில் காலையிலிருந்து நிற்பவளுக்கு அந்த மணத்திலேயே வயிறு நிறைந்துவிடும், பசித்து வருகிறவன்தான் ருசி சொல்ல வேண்டும். நான் உட்காரவில்லை. பந்தி நடக்கும்போது எந்த இலையில் எது மிஞ்சுகிறது என்று பார்க்க நிற்பேனே, அதேபோலக் கதவோரம் நின்று ஆட்களைப் பார்த்தேன்.

அந்தக் காட்சி வந்தது. தகப்பன் வந்து உட்காருகிறார். மகள் சோறு போட்டுக் குழம்பு ஊற்றுகிறாள். அவர் பிசைகிறார், கை மேலே வருகிறது. அவ்வளவுதான். அடுத்தது நான் கவிழ்த்து வைத்த தட்டு. பின்கட்டுக் கல்லில் இருக்கிறது, விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதைக் காட்டவில்லை. எனக்கு முன்னால் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம், என்ன பசியில சாப்பிட்டாரு பாத்தியா" என்றாள். அந்த நேரத்தில் மண்டபத்தில் ஒருவர் கையிலும் செல்போன் இல்லை.

வெளியே வந்து, "எப்படிடி?" என்றாய்.

"உப்பு சரியா இருக்கு."

"வெட்டி எடுத்ததுனால சரியா இருக்கு. நீ சோறு போடலேன்னா, அவரு திங்கிறத முழுசாக் காட்டித் தொலைச்சிருப்பேன்." நன்றி என்று நீ சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் அரிசி மூட்டையில் வந்து உட்கார்ந்தாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகுதான் உனக்கு உடம்புக்கு வந்தது. வைத்தியத்தில் உன் நாக்கு செத்துப்போனது. தினமும் மத்தியானம் தூக்குவாளியில் உன் வீட்டுக்குச் சோறு கொண்டுவருவேன். புளியைக் குறைத்துப் பார்த்தேன், சீரகத்தைக் கூட்டிப் பார்த்தேன், வெறும் கஞ்சியும் துவையலுமாகப் பார்த்தேன். "எல்லாம் தகரத்த நக்குன மாதிரி இருக்குடி" என்பாய். உன் அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். நீ சாப்பிட்டால்தான் தானும் சாப்பிடுவேன் என்று பிடிவாதம். அவரும் பாதியாகிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் நீ தட்டை என் பக்கம் தள்ளினாய்.

"ரெண்டு வாய் வாங்கிக்கடி" என்றேன்.

"முடியல. இதக் கழுவிக் கவுத்து வையி. அம்மா பாத்துச்சுன்னா நான் சாப்பிட்டேன்னு நெனச்சுக்கிடும். அதும் ரெண்டு வாய் திங்கும்."

நான் தட்டை மறுபடி உன் பக்கம் நகர்த்தினேன். நீ என்னைப் பார்த்து, "மண்டபத்துல நீயே பாத்தேல்ல. வேலை செய்யும்" என்றாய்.

போட்டதை எடுக்க முடியாத வேலை என்பாயே, உனக்குப் போட்ட சோற்றை அப்படியே எடுத்துத் தூக்குவாளியில் கொட்டி மூடினேன். தட்டைக் கழுவினேன். வெளியே கல்லில் கவிழ்த்தேன். உன் அம்மா ஈரத் தலையோடு வந்தார், தட்டைப் பார்த்தார். உங்கள் வீட்டுத் தெலுங்கில் என்னவோ கேட்டார், நீயும் என்னவோ சொன்னாய். அவர் முகம் தெளிந்து, அடுப்படிக்குப் போய்த் தனக்குச் சோறு போட்டுக்கொண்டார். நீ எடுத்த காட்சிகளில் முதல் தடவையிலேயே சரியாக வந்தது அது ஒன்றுதான். நீ போகும் வரை தினமும் அதைச் செய்தோம். என் அடுப்பிலிருந்து போன சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டே பசியோடு போனது நீ ஒருத்திதான்.

உன் அம்மாவை மார்க்கெட் பக்கம் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீ கொண்டாந்தத நல்லாச் சாப்பிட்டுச்சும்மா, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்பார். "ஆமாம்மா" என்பேன்.

மெஸ்ஸில் இப்போது கழுவிய தட்டுகளைக் கவிழ்ப்பதில்லை. சுவரோரம் சாய்த்து வரிசையாக நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஏன்க்கா என்று பாத்திரம் கழுவுகிறவள் கேட்டாள். தண்ணீர் சீக்கிரம் வடியும் என்று சொன்னேன்.