மச்சானின் வயிறு

மார்ச் 4, திங்கள்
வெயில். முற்றம் கூட்டவில்லை. யார் வரப்போகிறார்கள். சாப்பாடு பாண், சம்பல்.
கிணற்றுத் தவளைக்கு ஸலாம் சொன்னேன். பெயர் மச்சான். கிணற்றில் பூச்சி தின்னட்டும் என்று என் மனுசி விட்ட தவளை. அவள் கண்மூடி மவுத்தான பிறகு வாயாட இவன்தான். மெலிந்துவிட்டான். "பொஞ்சாதி சோறு போடல்லயா?" என்றேன். தண்ணிக்குள் முங்கிவிட்டான்.

மார்ச் 5, செவ்வாய்
கெம்பஸில் படிக்கிற பிள்ளை ஒன்று வந்தது. ரிஸ்னா. வெங்காயத் தோட்டத்து மருந்தும் உரமும் தவளையின் வயிற்றை என்ன செய்கிறது என்று பார்க்கிறாளாம். வாய்க்கால் தவளைகள் பெட்டியில். மச்சானையும் ஒரு பெட்டியில் வைத்து, வெளிக்குப் போகும்வரை காவல் இருந்து, அதையும் எடுத்துக்கொண்டாள். வயிற்றுக்குள் நல்ல கிருமிகள் குடியிருக்குமாம். அவை செத்தால் தின்றது ஒட்டாதாம், நோய் பிடிக்குமாம்.
"எனக்கும் ரெண்டு நாளாப் போகல்ல மகள். என்ட பெட்டி எங்க?"
முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.
கிணற்றுத் தண்ணீரும் ஒரு போத்தல் கொண்டுபோனாள். அவள் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவ மனமில்லை.

மார்ச் 6, புதன்
யாரும் வரவில்லை. முழங்கால் வலி. கோப்பை கழுவியாயிற்று.

மே 15, புதன்
சோழகக் காற்று. கூரைத் தகரம் ஆடுகிறது.
ரிஸ்னா போன். மச்சானின் வயிற்றிலும் வாய்க்கால் தவளைகளைப் போலவே நல்ல கிருமிகள் குறைவு. தோட்டத்து உரம் கிணற்றுக்குள் ஊறியிருக்கிறது, அதனால்தான் என்று நினைக்கிறார்களாம்.
"அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க மாமா. கொதிக்க வெச்சாலும் போகாது. ஊட்டுல வேற ஆரும் இரிக்காங்களா?"
"ஓம். மச்சான் இரிக்கான்."
சிரிப்பாள் என்று நினைத்தேன். தண்ணியைப் பற்றியே திரும்பச் சொன்னாள்.

மே 16, வியாழன்
வாய் சும்மா இருக்கவில்லை, சிலாபத்து மகனிடம் சொல்லிவிட்டேன். தண்ணியும் இல்லை, ஆளும் இல்லை, அங்கே என்ன செய்கிறீர்கள் வாப்பா என்றான். என்னைக் கூட்டிப்போக நாளைக்கு வேன் கொண்டுவருகிறானாம்.
தொண்ணூறில் விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வந்தபோது கையில் ஒரு பை. பிறகு இந்தக் காணியில் மனுசியும் நானும் சேர்ந்து தோண்டிய கிணறு. இன்னொரு தரம் வீட்டைப் பூட்ட என்னால் ஏலாது. அதைச் சொல்லவில்லை. ஓம் என்றேன்.

மே 17, வெள்ளி
பாலாவிக் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கினேன். வாளியில் ஊற்றி, மச்சானைப் பிடித்து விட்டேன். கண்ணைச் சிமிட்டினான். ஒரே பாய்ச்சல், திரும்பக் கிணற்றுக்குள். விசரன்.
ஜும்ஆத் தொழுகை முடிய மகன் வந்தான். உடுப்புப் பை எங்கே என்றான். கட்டவில்லை என்றேன். மிச்சப் போத்தலைத் திறந்து, அவன் முன்னால் ஒரு மிடறு குடித்துக் காட்டினேன்.
"கிழமைக்கு ஒருக்கா, வெள்ளிக்கு வெள்ளி இதக் கொண்டாந்து தாங்க மகன். அப்ப ஒங்களயும் பாக்கலாம்."
அவன் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தான். வேன் இன்னும் வாசலில்.